மரங்கொத்தி

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள்.

அறை முழுக்க ரேடியோவின் மோர்ஸ் சத்தம் புள்ளியும் கோடுமாய்க் கொட்டியது.

"ஒங்கண்ணன் மாடி ரூம்ல போயி உள்பக்கமாப் பூட்டிக்கிட்டாவ. நானும் தட்டு தட்டுன்னு தட்டுதேன். சத்தமே இல்ல, பியூலா."

மதினி நாசரேத்திலிருந்து அழுதாள். தூத்துக்குடியிலிருந்து கார் என்ன பறந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும்.

சத்தம் எப்படி வரும்? தொண்டையில் புற்று என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதமாக அண்ணனுக்குப் பேச்சு கிடையாது. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

போன வாரம் எழுதிக் காட்டினாராம்: இருந்து என்ன செய்ய?

மதினி அதை இன்றைக்குத்தான் சொல்கிறாள்.

"பக்கத்து வீட்டு ஆளுவ கடப்பாரை எடுக்கப் போயிருக்காவ."

"ஒடைக்கச் சொல்லுங்க மதினி. நாங்க கெளம்பிட்டோம்."

கீழே கணவர் காரை வெளியே எடுத்துவிட்டார். ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது.

மேஜையில் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அவளுடைய அழைப்பை வானத்தில் தட்டிக்கொண்டிருந்தது. ஹாம் ரேடியோ போட்டி, லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வானொலியில் பேசுகிறவர்களுக்கானது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நேற்றிலிருந்து ஊர் உலகத்தையெல்லாம் பிடித்து எழுநூறைத் தாண்டியிருந்தாள். பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். முதல் ஆளுக்கு 001, அடுத்தவருக்கு 002. கூடவே, உங்கள் சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். அது எல்லாருக்கும் முழு மதிப்பெண்தான். ஈனஸ்வரத்தில் கேட்டாலும் அதேதான். கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி.

எழவெடுத்த போட்டி.

இந்த நேரத்தில் இதில் உட்கார்ந்திருந்தோமே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அண்ணனும் ரேடியோக்காரர்தான், ஆனால் அவருக்கு மோர்ஸ் ஆகாது. லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. அவருக்கு எல்லாம் குரல்தான். மைக்கைப் பிடித்து ஒரு ஹலோ போட்டால் பிரேசில்காரன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். தங்கச்சியை மரங்கொத்தி என்பார். ஏட்டி, வாய் இருக்கையில விரல் எதுக்கு என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ரேடியோவைத் துணி போட்டு மூடியவர், மூடியவர்தான்.

அவள் ரேடியோவை அணைக்கப் போனாள்.

அழைப்புக்குப் பதில்கள் கூட்டமாய் வந்து விழுந்தன, ஒவ்வொருவரும் லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைத் தட்டினார்கள். எல்லாம் வேகம். எல்லாம் கை தேர்ந்தவர்கள்.

அடியில் ஒன்று மட்டும் தத்தித் தத்தி வந்தது.

இரண்டு எழுத்து. பிறகு எட்டுப் புள்ளி. தப்பாகத் தட்டிவிட்டேன் என்பதற்கு எட்டுப் புள்ளி.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி எட்டுப் புள்ளி.

யாரோ புதுசு. மற்றவர்கள் அவர் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது தடவை இரண்டு எழுத்தும் வந்தன. பிறகு எண். பிறகு மிச்ச எழுத்துகள், ஒவ்வொன்றாக.

அண்ணனுடைய அழைப்புக் குறி.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரை நிறுத்தினாள். கையால் தட்டும் விசையை இழுத்து வைத்து, அண்ணனுடைய குறியையும் ஒரு கேள்விக்குறியையும் தட்டினாள். இவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் சும்மா இருங்கள் என்று அர்த்தம். இரண்டு பேர் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி தட்டினாள்.

அலைவரிசை அடங்கியது.

குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேகத்தில் தட்டினாள். முழு மதிப்பெண். பிறகு அவருக்கான எண்.

ஒன்றும் வரவில்லை.

கீழே ஹாரன்.

"வந்துட்டாவ பியூலா. கடப்பாரையோட வந்துட்டாவ."

ஒன்றும் வரவில்லை. கேட்டது நிஜம்தானா? ஆசைப்பட்ட காது எதையும் கேட்கும்.

வந்தது.

முழு மதிப்பெண், முதலில். கொஞ்சம் இடைவெளி. பிறகு எண்.

பழகியவர்கள் பூச்சியத்தைச் சுருக்கி ஒரே கோடாகத் தட்டுவார்கள். இவர் பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல நீளநீளமாக ஐந்து கோடு தட்டினார். அடுத்த பூச்சியத்துக்கு இன்னொரு ஐந்து. அதற்குப் பிறகு ஒரு புள்ளி, நான்கு கோடு.

ஒன்று.

போட்டி முடியப் போகிறது. அண்ணனுக்கு இவள்தான் முதல் ஆள்.

"மதினி, கதவத் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

"என்ன சொல்லுத?"

"காதுல ஹெட்போன் போட்டிருப்பாவ. அதான் நீங்க தட்டுனது கேக்கல. அண்ணன் பேசிக்கிட்டிருக்காவ."

போனில் இரும்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

முறைப்படி எண்ணைக் கொடுத்தால் வேலை முடிந்தது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். அண்ணன் விடுகிறவராக இல்லை. ஏதோ தட்ட ஆரம்பித்தார். தப்பினார். திருத்தினார். மேலே தட்டினார். காத்திருந்தவர்கள் பொறுமை இழந்து குறுக்கே விழத் தொடங்கினார்கள். அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனார்.

"பேசுதாவளா?" மதினியின் குரல் இறங்கியிருந்தது. "என்ன பேசுதாவ?"

அவள் போனை ரேடியோவின் ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தாள்.