மேல்கோயிலும் கீழ்கோயிலும்

"நாங்க மலை இறங்கி வர்றதா இல்லை. வேணும்னா நீங்க ஏறி வாங்க" என்றார் மினட்.

"ஏறலாமே. எங்க சபையில பாதிப் பேருக்கு முழங்கால் வலி. நீங்க முதுகுல தூக்கிட்டுப் போறதா இருந்தா நாளைக்கே வர்றோம்" என்றார் லாஸ்.

பிளம்டன் பள்ளிக்கூடத்தில் இந்தப் பேச்சு ஐந்தாவது வியாழக்கிழமையாக நடந்துகொண்டிருந்தது. ஜமைக்காவின் அந்த மலையூரில் மொத்தமே நூற்றைம்பது குடும்பம். ஆனால் கோயில் இரண்டு. மேலே இருந்தது பிரஸ்பிட்டேரியன் சபை. லியோபோல்ட் மினட் அதன் மூத்த மூப்பர். கீழே சாலையோரம் காங்கிரிகேஷனல் சபை. அங்கே எக்பர்ட் லாஸ் வைத்ததுதான் சட்டம். 1965 டிசம்பரில் இந்த இரண்டு சபைகளும் நாடு முழுவதும் ஒரே திருச்சபையாக இணைவது என்று கிங்ஸ்டனில் முடிவாகிவிட்டது. பிளம்டனில் மட்டும்தான் முடிவாகவில்லை.

இரண்டு கோயிலிலும் ஒரு வருஷமாகப் போதகர் இல்லை. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் மாண்டெவிலிலிருந்து போதகர் டென்டன் வந்தாக வேண்டும். இன்றைக்கும் அவர்தான் தலைமை. ஒரே கோயில், ஒரே நிர்வாகம் என்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஊருக்கென்று ஒரு போதகர் வருவார், இல்லையென்றால் அந்தப் புதுப் போதகரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மேல்கோயில்காரர்கள் இடப்பக்கம், கீழ்கோயில்காரர்கள் வலப்பக்கம். கடைசியில், ஜன்னல் வெளிச்சத்தில், மிஸ் அயோனி ஷார்ப் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் ஊருக்குக் குடிவந்த தையல்காரி. ஐந்து கூட்டத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

மலை ஏறுவதா இறங்குவதா என்று இன்னும் அரைமணி நேரம் போனது. மிஸ் அயோனி நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா? மேல்கோயில் கல்லுக் கட்டடம். ஐம்பத்தொண்ணாம் வருஷப் புயல்ல பாதி ஊர் அதுக்குள்ளதான் ஒதுங்குச்சுன்னு சொல்றாங்க. ஆராதனைக்கு அந்த இடம்தான் சரி."

மினட் திரும்பிப் பார்த்தார். ஐந்து வாரமாகத் தொண்டை வற்றக் கத்தியும் கிடைக்காதது இப்படிச் சுலபமாகக் கிடைத்ததும் அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, முழங்கால் வலிக்காரர்களை ஞாயிறுதோறும் தன்னுடைய வாழைக்காய் லாரியில் ஏற்றிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவருடைய ஆட்களே வாயைப் பிளந்தார்கள். லாஸால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

அடுத்தது நிர்வாகம். மூப்பர்கள் கூடி முடிவெடுப்பதுதான் முறை என்றார் மினட்.

"எங்க கோயில்ல கூரைக்கு என்ன சாயம்னுகூட எல்லாரும் கை தூக்கித்தான் முடிவு பண்ணுவோம்" என்றார் லாஸ்.

"அதான் பதினாலு வருஷமா கூரை சாயமே பார்க்கலை."

இடப்பக்கம் சிரித்தது. வலப்பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. போதகர் டென்டன் மேஜையைத் தட்டினார். மறுபடியும் மிஸ் அயோனி எழுந்தார்.

"கை தூக்குறது நல்ல பழக்கம். நம்மளையும் ஒரு வார்த்தை கேட்டாங்கன்னு இருந்தா ஜனம் கூப்பிடாமலே வேலைக்கு வரும்."

இவ்வளவு பெரிய மனசோடு ஒருவர் பேசும்போது தான் முரண்டு பிடிப்பது அழகில்லை என்று லாஸுக்குத் தோன்றியது. அன்றாட வேலையை மூப்பர்களே பார்க்கட்டும், பெரிய விஷயங்களுக்கு மட்டும் சபை கை தூக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பாடகர் குழு கீழ்கோயிலுடையது. ஞாயிறு பள்ளியும் கீழ்கோயில் கட்டடத்தில். திருவிருந்து மேல்கோயில் முறைப்படி. ஐந்து மணிக்குள் கையெழுத்தாகிவிட்டது. இஞ்சி பீரும், பாலாடைக்கட்டி வைத்த பன்னும் வந்தன. மினட்டும் லாஸும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஊரே வேடிக்கை பார்த்தது.

புதிய சபையின் பதிவேட்டில் முதல் பெயராக மிஸ் அயோனியின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றார் லாஸ். மினட் வழிமொழிந்தார். கை தூக்கிப் பழக்கமில்லாத மேல்கோயில் மூப்பர்கள்கூட இரண்டு கையையும் தூக்கினார்கள்.

போதகர் டென்டன் முதல் பக்கத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். பெயரை எந்தச் சபையின் பழைய ஏட்டிலிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்டார்.

"உங்க ஏட்டை எடுங்க, லாஸ்" என்றார் மினட்.

"எங்க ஏட்டையா? அவங்க உங்க சபைதானே? எங்க கோயில் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட வந்ததில்லையே."

"எங்க கோயிலுக்கும் வந்ததில்லை. உங்க ஆளே எங்களுக்காகப் பேசுறாங்களேன்னுதானய்யா நான் லாரி தர்றேன்னு சொன்னேன்."

"நானும் அவங்க உங்க ஆளுன்னு நெனச்சுத்தானே விட்டுக்கொடுத்தேன்."

இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து பின்னால் திரும்பின. மிஸ் அயோனி தைத்து முடித்த பாவாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சனிக்கிழமை ஆராதனை நடத்துற சபைக்காரி, போதகரையா. ஞாயித்துக்கிழமைதான் நான் அசந்து தூங்குற நாள். மேலயும் கீழயும் ஒரே நேரத்துல வேற வேற பாட்டுப் பாடினா, நடுவுல குடியிருக்கிறவ எப்படித் தூங்குறது?"