ஒரு தெருவின் மாதச் சத்தம்

ரேஷனில் தரும் சத்தம் தீர்ந்துவிட்டால், அடுத்த மாதம்வரை நம் தும்மல்கூட யாருக்கும் கேட்காது. அப்படியிருந்தும் எங்கள் மெட்டல் ராக் குழுவின் கச்சேரிக்காகத் தெருவே தன் பங்கை விட்டுக்கொடுத்தது. என் மனைவி கஸ்தூரியும் கொடுத்துவிட்டு, ஊமையாக முன்வரிசையில் நின்றாள்.

ட்ரம்மர் ஜெபராஜ் அத்தனையையும் கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக்கிலேயே அடித்துத் தீர்த்துவிட்டான்.

"ஸ்னேர் ட்ரம் செட்டாவல, தலைவரே..." என்றதோடு அவன் சொந்தப் பங்கும் முடிந்தது.

பாடகனான என்னிடம், கடைசி அலறலுக்கென்று வைத்திருந்த ஒரு மூச்சுச் சத்தம்தான் மிச்சம். கூட்டம் நிலைகொள்ளாமல் தரையை உதைத்தது, ஒன்றும் கேட்கவில்லை. கஸ்தூரியின் உதடுகள் நிற்காமல் அசைந்தன. என்ன சொல்கிறாள் என்பது கல்யாணமான எவருக்கும் புரியும். பயந்துபோய், மைக்கையும் மிச்சச் சத்தத்தையும் அவளிடமே கொடுத்தேன்.

"யோவ்! மாசம் பூரா உன்ன எப்டிய்யா திட்டுவேன்ன்ன்!"

கச்சேரி நடந்த ஷெட்டின் தகரக்கூரை ஆடியது. ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விழுந்து கொண்டாடினார்கள்.

இப்போது அவள்தான் எங்கள் பாடகி. என் பங்குச் சத்தமும் அவள் பயிற்சிக்கே போகிறது. வீட்டில் காலையிலிருந்து திட்டுகிறாள். கேட்டால் ஒத்திகை என்பாள். கேட்கத்தான் என்னிடம் சத்தமில்லை.