நாலாவது பிளக்கு

நெத்திலி தலையைக் கிள்ளிக்கிட்டிருந்தேன். வாசல்ல அந்தக் கார் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுச்சு.

எதிர்ல காசு போன் வெச்சிருக்கிற சொக்கம்மாக்கா கடையிலிருந்தே கத்துனாங்க.

“ஏய் பீம்ராவு! ஞாயித்துக்கிழமைன்னா இந்தக் காரு உன் வூட்டாண்ட வந்து நின்னுடுது. உனுக்கு வேலை தெர்லியா, இல்ல பெரியவர்னு பாத்து ஏமாத்திக்கினு கீறியா?”

பீம்ராவு என் வீட்டுக்காரர். அவர் பாட்டுக்கு ஸ்பேனரை எடுக்கப் போயிட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப் போச்சு.

காருக்குள்ள இருக்கிறவர் என் அப்பா. மிளகாய் மண்டி மாசானம் அண்ணாச்சி. நான் வியாசர்பாடி மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டப்ப, “அவ வாசப்படிய மிதிச்சா நான் மாசானம் இல்ல”ன்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டாரு. என்கூடப் பேச்சும் கிடையாது.

அதனால காரோட பேசுவாரு.

“ஏ காரே, தாகமா இருக்கோ?”

நான் காபியைக் கார் கூரை மேல வெச்சிட்டு நகர்ந்துக்குவேன். ஜன்னல் வழியா கையை மேல விட்டு எடுத்துக் குடிப்பாரு.

“காருக்குச் சீனி பத்தல.”

என் பாப்பா மகிழினி வாசப்படி வரைக்கும் தவழ்ந்து வந்தா, அவர் கை கார்க் கதவுப் பிடிக்குப் போகும். அப்புறம் தானா திரும்பிடும்.

இன்னிக்கும் வீட்டுக்காரர் பானட்டைத் தூக்கி, இஞ்சின்ல நெருப்புப் பொறி வைக்கிற பிளக்குல ஒண்ணைக் கழட்டினார்.

“இது டர்போ வண்டி மாமா. காத்து வேகமா உள்ள பூந்து அடிக்கும். பிளக்கு முனைல கேப்பு கம்மியா இருந்தாத்தான் நெருப்பு அணையாது. போன வாரம் நானே கம்மி பண்ணி வெச்சேன். இப்போ பாருங்க, எட்டணா பூந்துடும் போல கீது. கேப்பு தானா விரியாது.”

“காரே, ரோடு மேடும் பள்ளமுமா கெடக்கு, குலுங்கி விரிஞ்சிருக்கும்னு சொல்லு.”

வீட்டுக்காரர் சிரிக்கலை. பையிலிருந்து புது டப்பாவை எடுத்தார்.

“ராயபுரம் ரஷீது பாயாண்ட சொல்லி வெச்சு வாங்குனேன். டர்போவுக்குன்னே வர்ற பிளக்கு. சூட்டைச் சட்டுனு வெளிய தள்ளிடும். இனிமே ஒரு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரவே வாணாம்.”

அப்பா பாதிக் காபியோட டம்ளரைக் கூரை மேலயே வெச்சிட்டாரு.

“காருக்குப் புதுசு வேண்டாமாம். பழசே போதுமாம்.”

“காரு சொல்லட்டும்,” னார் வீட்டுக்காரர். நாலையும் மாட்டிட்டார்.

இஞ்சின் சத்தமே இல்லாம ஓடுச்சு. அவ்வளவு நல்லா ஓடுனது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அப்பா பாப்பாவை ஒரு தடவை பார்த்தாரு. கார் தெருமுனை திரும்பிடுச்சு.

இந்த மனுஷன் இன்னிக்குன்னு பார்த்தா ஒழுங்கா வேலை செய்யணும்? கோவத்தை நெத்திலி மேல காட்டினேன்.

கொஞ்ச நேரம்தான் ஆச்சு. சரவெடி மாதிரி சத்தம். கார் குலுங்கிக் குலுங்கித் திரும்பி வருது.

“பாத்தியா, புது பிளக்கு போட்ட லட்சணத்தை!” சொக்கம்மாக்கா காதைப் பொத்திக்கிட்டே கத்துனாங்க.

வீட்டுக்காரர் பானட்டைத் தூக்கினார். உள்ள மூணு பிளக்குதான். நாலாவது இருந்த இடத்துல வெறும் ஓட்டை.

“மாமா, பிளக்கு எங்க?”

“காருக்குத்தான் தெரியும்,” னு சொல்லும்போதே அப்பா முகம் கோணிச்சு. வெள்ளைச் சட்டைப் பையில ஏதோ கனமா தொங்குது. பை ஓரமெல்லாம் கறுப்பு.

“ஆத்தாடி, சுடுதே! நெஞ்சு வேகுதே! தண்ணி!”

கதவைத் திறந்துக்கிட்டு ஓடினாரு. மடியிலிருந்து பிளக்கு கழட்டுற ஸ்பேனர் ணங்குன்னு விழுந்துச்சு. வேட்டியைத் தூக்கிப் பிடிச்சு எங்க வாசப்படியை ஒரே தாண்டு. நேரா குடத்துக்குப் போய் செம்புத் தண்ணியை நெஞ்சுல ஊத்திக்கிட்டாரு.

“மிதிக்கல, எல்லாரும் பாத்துக்கோங்க! தாண்டித்தான் வந்தேன்!”

சட்டையிலிருந்து உருண்டு வந்த பிளக்கைத் துணியால எடுத்து, வீட்டுக்காரர் தன் பேன்ட் பையில போட்டுக்கிட்டார்.

“இன்னாடா, மாட்டலையா?” ன்னாங்க சொக்கம்மாக்கா, குரல் இறங்கி.

“சூடா கீதுக்கா. ஆற ஒரு நாள் ஆவும்.”

நான் வாசல்லயே நின்னேன். உள்ள ஈரச் சட்டையோட அப்பா. அவர் மடியில என் பாப்பா.

“ஏ உச்சிமாகாளி!”

காரைக் கூப்பிடலை. என்னைத்தான்.

“அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? பிள்ள பசிக்கி அழுதுல்லா, உள்ள வா!”

“வரேம்ப்பா, கையெல்லாம் மீன் கவிச்சி, கழுவிட்டு இதோ வந்துட்டேன்!”