பசி பூஜ்யம்

காதில் மூன்று ஊசி, தொப்பையில் எட்டு. லிஃப்ட் மெக்கானிக் மல்லாந்து கிடந்தார். சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. சிரித்தால் தொப்பை குலுங்கும், எட்டு ஊசியும் சேர்ந்து ஆடும்.

சிரிக்காமல் இருப்பது அவருக்குப் பட்டினியைவிடக் கஷ்டம்.

“நாலு வாரத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க சார்” என்றார் அக்குபஞ்சர் டாக்டரம்மா.

“ஊசி வெயிட்டா இருக்கும்மா.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

‘ஆறு பேர் மட்டும்’ என்று லிஃப்ட்டில் பலகை மாட்டுவதே மெக்கானிக்தான். அவர் உள்ளே நுழைந்ததும் ஆறாவது ஆள் மரியாதையாகப் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவார்.

டாக்டரம்மா அவருடைய சாப்பாட்டு நோட்டைப் புரட்டினார். சாப்பிட்ட நேரம், என்ன, பத்துக்கு எவ்வளவு பசி, எங்கே உட்கார்ந்து. நான்கு கட்டங்கள். பொய் எழுதினால் ஊசி பலிக்காது என்று முதல் நாளே மிரட்டியிருந்தார்.

மெக்கானிக் பொய் எழுதவில்லை. மோட்டாருக்கு எண்ணெய் போட்ட நேரத்தைக் குறிப்பதுபோல நிமிடம் பிசகாமல் எழுதியிருந்தார்.

இரவு ஏழரை: சாப்பாடு, பசி எட்டு.

எட்டு மணி: மறுபடி சாப்பாடு, பசி பூஜ்யம்.

தினமும் இதே கதை. முதல் வாரம் அரைத் தட்டு. இப்போது முழுத் தட்டு.

“பசியே இல்லன்னு நீங்களே எழுதிட்டு, எதுக்கு சார் ரெண்டாவது தட்டு? காதை அழுத்திக்கச் சொன்னேனே?”

“அழுத்திக்கிட்டேதாம்மா சாப்பிட்டேன்.” கூரையைப் பார்த்தபடி கேட்டார்: “பசியை அடக்கக் காதுல ஒரு இடம் இருக்கே, கிளப்பறதுக்கும் இருக்கா?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன், உங்களுக்கு இருக்கற பசி பத்தலையா?”

அப்போதுதான் அவர் கண் நான்காவது கட்டத்துக்குப் போனது.

ஏழரைக்கு: சாப்பாட்டு மேசை. எட்டு மணிக்கு: கட்டில் ஓரம். எல்லாப் பக்கத்திலும்.

“யார் கட்டில்?”

“வீட்டுக்காரி கட்டில். ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. மிச்சத்தைப் பார்த்தா மக அழுவுறா. அதான் கதவைச் சாத்திட்டு, தட்டைக் காலி பண்ணி வெளிய கொண்டு போறேன். அம்மா தேறிட்டாங்கன்னு அவளுக்குக் குஷி. மறுநாள் ஒரு கரண்டி கூட வைக்கிறா.”

“ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?”

“நல்லா சாப்பிடறாங்கன்னு அவதான் போய்ச் சொல்றா.”

டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டார்.

“இது உங்க வீட்டம்மாவுக்கு. ஆஸ்பத்திரியில காட்டணும், பொய் எழுதக் கூடாது.” நோட்டை மூடினார். “எழுதப் போறது நீங்க இல்ல சார். உங்க பொண்ணு.”

தொப்பை மேலிருந்த எட்டு ஊசிகளும் ஆடத் தொடங்கின.

மெக்கானிக் சிரிக்கவில்லை.