வலது பக்கம் குளிரவில்லை

இரைச்சல் கேட்காமலிருக்க ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதிலிருந்த போனில் இளவரசன் கத்தினார்.

“பத்து மணிக்கு வர்றேன்னு சொன்ன. மணி இப்ப ஒண்ணு! இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?”

“ஃபேன் மோட்டாரோட பாதி வழி வந்துட்டேங்க,” என்றான் மெக்கானிக் ஜான். “இன்னிக்கு எல்லா ஊர்லயும் இடஒதுக்கீடு கேட்டு ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்க. பைக்கக்கூட விடல.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது! ரெண்டு கதவு ஃபிரிட்ஜு. இடது பக்கம் ஐஸ் மலையா நிக்குது, வலது பக்கம் கொதிக்குது. எங்கம்மாவோட இன்சுலின் அதுலதான் இருக்குது. கெட்டுப்போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

“இடது பக்கத்துக் குளிர ஃபேன்தாங்க வலது பக்கம் தள்ளணும். அது நின்னுபோச்சு. புதுசு மாட்டினா சரியாயிடும்.”

“வந்து மாட்டித் தொலையேன்! மறிக்கிறவன்கிட்ட வழி கேக்க மாட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“கேட்டேங்க. தலைவர் சொன்னாத்தான் விடுவாங்களாம்.”

“அப்ப அந்த ஆளுகிட்டயே போய்க் கேளு!”

“கிட்டதாங்க நிக்கறேன். அவரு போன்ல யாரையோ காச்சு காச்சுன்னு காச்சிக்கினு இருக்காரு. பேசி முடிச்சதும் கேக்கச் சொல்றாங்க.”

இளவரசன் சட்டென்று திரும்பினார். அவருடைய ஆட்கள் நடுரோட்டில் கைகோத்து நின்ற வரிசைக்கு அப்பால், தோளில் பையும் காதில் போனுமாக ஒருவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போனைக் காதிலிருந்து எடுக்க இளவரசனுக்குத் துணிச்சல் வரவில்லை.