அசல் பாகங்கள்

மலர்விழி அக்கா நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு துப்பாக்கியின் வயிற்றை உற்றுப் பார்த்தார்.

அங்கே ஒரு மான் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு நாய்கள். நூற்று நாற்பது வருடமாகத் துரத்தியும் பிடிக்கவில்லை.

"கையால செதுக்குனதுலா தம்பி. அசல்."

குரு மூச்சு விட்டான்.

கிள்ளானில் துப்பாக்கிகளை விற்கவும் மதிப்பிடவும் அனுமதி பெற்ற கடை அது. அப்பாவின் கார்பைனை, குதிரைமேல் இருந்து சுடுவதற்காகக் குட்டையாகச் செய்த அந்தப் பழைய துப்பாக்கியை, போலீஸ் கடிதத்தோடு கொண்டுவந்திருந்தான்.

அப்பா பரமேஸ்வரன் இறந்து மூன்று வாரம். அவரோடு லைசன்சும் போய்விட்டது. எல்லாப் பாகமும் அசல் என்று அக்கா எழுதிக் கொடுத்தால், பினாங்கில் ஒரு தனியார் காட்சியகம் எடுத்துக்கொள்ளும். கீழே அப்பா பெயரைப் போட்டு வைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை போலீஸ் துப்பாக்கியை இயந்திரத்தில் நசுக்கிவிடும்.

தண்ணீர் பில்லைத் தவிர வேறெதிலும் அச்சேறாத பெயர். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க அம்மா ஆசைப்பட்டார்.

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் விட்டுப்போன துப்பாக்கி. அப்பா அதை வைத்துக் காட்டுப்பன்றி விரட்டினார். பூச்சோங்கில், பன்றி எட்டிப்பார்க்காத தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்த பிறகும், வருடம் தவறாமல் லைசன்ஸைப் புதுப்பித்தார். ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். குருவும் சிரித்தான்.

"குழல் அசல். கட்டை அசல். நம்பர் எல்லாம் ஒத்துப்போவுது."

அக்கா பின்பக்கத்தைக் கழற்றினார். கை நின்றது.

தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிக்கு முனை இல்லை. யாரோ ரம்பத்தால் அறுத்து, அரத்தால் மழுக்கியிருந்தார்கள்.

"இத வச்சு மாங்கா கூட அடிக்க முடியாது தம்பி."

"அது பன்னிங்களுக்குத் தெரியாதுக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "எங்கிட்ட இதே மாடல் ஊசி ஒண்ணு கெடக்கு. அஞ்சு நிமிஷ வேலை. மாத்திட்டு அசல்னு எழுதிடுறேன். பினாங்குக்காரனுக்குத் தெரியவா போவுது?"

குரு தலையாட்டினான். அம்மாவுக்காக அதற்கும் தயார்.

அக்கா கடைசியாகக் கட்டையின் அடியிலிருந்த பித்தளை மூடியைத் திறந்தார். துடைக்கும் துணி வைக்கும் பொந்து. உள்ளே நான்காக மடித்த நாட்காட்டித் தாள். தாளுக்குள் அரிசி அளவு இரும்புத் துண்டு.

"பாத்தியா, அறுத்தவரு தூக்கிப் போடல. பைல் பண்ணி வச்சிருக்காரு."

தாளில் 2009 மார்ச் 11, புதன். இராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை.

அதற்கு மறுநாள்தான் குருவுக்கு எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு, முடிவு வந்தது. எட்டுப் பாடத்தில் ஐந்து போயிருந்தது.

அவன் தாளைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தான்.

"ஊசிய மாத்த வேணாம்க்கா. இருக்கிறத அப்படியே எழுதிடுங்க."

"நசுக்கிடுவானுங்க தம்பி. அப்பா பேரு?"

"இது அப்பா செஞ்ச வேலைக்கா."

அக்கா எழுதத் தொடங்கினார். அந்த இரும்புத் துண்டு சட்டப்படி துப்பாக்கியின் பாகம், தர முடியாது. தாளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஊசிய அறுத்த பெறகு யாராச்சும் இதச் சுட்டுப் பாத்தாங்களா? நிரப்புற பாரத்துல கேக்குறாங்க."

"இல்ல," என்றான் குரு.

முடிவு வந்த அன்று சாயங்காலம், அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவன் அதைத் தன் பக்கம் திருப்பி ஒரே ஒரு முறை விசையை இழுத்திருந்தான்.

தோட்டாதான் பழசாகி நமுத்துப்போயிருந்தது என்று பதினாறு வருடமாக நம்பியிருந்தான்.