சனிக்கிழமை மௌனம்

எந்தக் கையால் அடித்தோம் என்பது அவருக்குச் சரியாக நினைவில்லை. வலது கையாகத்தான் இருக்கும். அடி விழுந்த சத்தம் மட்டும் நன்றாக நினைவிருந்தது. மறுநாளே மச்சான் கூட்டிவந்து இந்தக் குடிநோய் மீட்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார்.

இப்போது பார்வையாளர் அறையில் கண்களை மூடி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'மௌனம்' என்று எழுதியிருந்தது. முகத்தில் அப்படியொரு சாந்தம். கூட இருப்பவர்கள் வைத்த பெயர் சாமியார்.

வெளியே இருந்தவரை லாரி மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினால் போதும். எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்.

எதிர் நாற்காலியில் மனைவி. வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினொரு சனிக்கிழமையாக இதே கதைதான்.

"வாரத்துல ஒரு நாள்தான் மௌனம். அது எப்படி, சரியா இவங்க வர்ற நாளாப் பாத்து வருது?" என்றார் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இல்லத்து ஆலோசகர் அம்மா.

சாமியார் புன்னகைத்து, விரலை மேலே காட்டினார்.

"மேல இருக்கிறவர் அடி வாங்கல, சாமி. எதிர்ல இருக்கிறவங்கதான் வாங்கினாங்க. அட்டையைக் கழட்டுங்க."

புன்னகை அப்படியே நின்றுவிட்டது.

தியானத்தில் உட்கார்ந்தால் எல்லாம் கரைந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தார். கோபம் கரைந்தது. குடிக்கும் ஆசைகூடக் கொஞ்சம் கரைந்தது. அந்த ஒரு சத்தம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. முகமே கொடுக்காதவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்டு, அவள் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால்? மௌனத்தில் அந்தப் பயம் இல்லை.

இவ்வளவு வெறுப்பிருந்தும் வாரம் தவறாமல் ஏன் வருகிறாள் என்று மட்டும் அவர் யோசித்ததில்லை.

அட்டையைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் அசையவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தாங்கவில்லை. "பாத்தீங்களாம்மா? கல்லு மாதிரி உக்காந்திருக்கா! இதுக்குத்தான் மௌனமே மேலுன்னு இருந்தேன்!"

அந்தச் சத்தத்தில் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் நின்ற அவரைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"என்னங்க... பேசினீங்களா?"

"இப்பத்தானே சொன்னேன். காதுல விழலையா?"

அவள் கை மெல்ல இடது காதைத் தொட்டது. "இது அன்னைக்கே போயிடுச்சுங்க."

ஆலோசகர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மெக்கானிக் தன் வலது கையைப் பார்த்தார்.

"பழையபடி எதிர்லயே வந்து உக்காந்து சொல்லுங்க," என்றாள் அவள், மறுபடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி. "நான் இப்படித் திரும்பி உக்கார்றதே, கேக்குற காது உங்க பக்கம் இருக்கட்டும்னுதான்."